கூறைக்கு அப்புறம் என்ன கட்டிக்கொள்வது?

ஊரை விட்டு வந்து குடியேறிய நம் வீடுகளில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், சத்திரம், சமையல், நாதஸ்வரம் எல்லாம் நாலு போன் காலில் முடிந்துவிடுகிறது. மூன்று மாதம் இழுப்பது ஒரே ஒரு விஷயம்தான். ரிசப்ஷனுக்குப் பெண் என்ன உடுத்துவது?

அம்மா கனமான காஞ்சிப் பட்டு என்பார். பெண் லெஹங்கா என்பாள். பாட்டி "நம்ம வழக்கம்னு ஒண்ணு இல்லையா?" என்பார். அப்பா இந்த நேரம் பார்த்து செய்தித்தாளை எடுத்துக்கொள்வார்.

புனேக்கு வந்து இருபத்திரண்டு வருஷத்தில் இந்தச் சண்டையைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். இரண்டு கட்சியும் பிடித்துக்கொள்வது 'வழக்கம்' என்ற ஒரே வார்த்தையைத்தான். ஒருவர் அதைக் காப்பாற்றப் பார்க்கிறார், மற்றவர் அதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார். அந்த வழக்கத்துக்கு வயசு என்ன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. போன வருஷம் என் அக்கா பெண்ணின் கல்யாணப் பேச்சு நடந்தபோது எனக்கு அந்தக் கேள்வி வந்தது. தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டுச் சண்டைக்கும் உதவலாம் :-)

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ரிசப்ஷன் உடையை 'இரண்டாவது உடை' என்கிறோம். தமிழ்க் கல்யாணத்தில் அது இரண்டாவதே இல்லை. பெண் பிறந்த வீட்டுப் புடவையில் மணமேடைக்கு வருகிறாள். தாம்பாளத்தில் வைத்த கூறைப்புடவையைப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கிறார்கள். அவள் உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் தாலி. பல சமூகங்களில் இதுதான் முறை, ஈழத்திலும் இப்படித்தான். அதாவது நடுவில் உடை மாற்றுவதே சடங்கின் ஒரு பகுதி. இரண்டாவது உடை கூறை. ரிசப்ஷன் உடை மூன்றாவது. 'ஒரே நாள்ல எதுக்கு இத்தனை டிரஸ்?' என்று கேட்கும் சித்தப்பாக்களுக்கு இதைச் சொல்லலாம்.

இந்தப் புதுத்துணி எவ்வளவு பழசு என்று பார்த்தால், சங்க இலக்கியம் வரை போகிறது. அகநானூற்றில் 86, 136 என்று இரண்டு பாட்டுகள் கல்யாணத்தை விவரிக்கின்றன. இரண்டிலும் பெண் கோடித் துணியில் ஒடுங்கி இருக்கிறாள். 136-ஆம் பாட்டு விற்றூற்று மூதெயினனார் பாடியது. அதில் உற்றார் உறவினர் கல்யாணத்தை நடத்தி வைத்த இரவில், கசங்காத புதுத்துணியால் உடம்பு முழுவதும் மூடிக்கொண்டு புழுக்கத்தில் நெற்றி வியர்த்து உட்கார்ந்திருக்கிறாள் பெண். கணவன் அவளிடம் சொல்லும் பேச்சைப் பாருங்கள். உன் வியர்வை ஆறக் கொஞ்சம் காற்றுப் படட்டும், அந்தத் துணியைச் சற்றே விலக்கு என்கிறான். அவன் துணியை விலக்கப் போக, அவள் வெட்கத்தில் கூந்தலால் தன்னை மறைத்துக்கொள்கிறாள்.

காதல் பாட்டுதான். ஆனாலும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்யாணப் பெண்ணைப் பற்றி நமக்குத் தெரிகிற முதல் விஷயங்களில் ஒன்று, அவளுக்குப் புதுத்துணியில் வியர்த்தது என்பது! உடையின் சௌகரியம் இந்தக் காலத்துப் பெண்கள் கிளப்பிய பிரச்சினை என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்தது ஆண்டாள். வாரணமாயிரம் பதிகத்தில் கனவில் நடக்கும் கல்யாணத்தில் அவளுக்கு மந்திரக்கோடி உடுத்தி மாலை சூட்டுபவள் அந்தரி, அதாவது துர்க்கை. கண்ணனுக்குத் தங்கை முறை என்பதால் பெண்ணுக்கு நாத்தனார் ஆகிறாள். இன்றைக்கும் நம் வீடுகளில் கூறை கட்டிவிட நாத்தனார் வருகிறார் அல்லவா, அதே முறைதான்.

இந்த 'மந்திரக்கோடி' என்ற சொல் தமிழ்நாட்டில் பேச்சிலிருந்து போய்விட்டது. கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சர்ச்சில் மின்னு கட்டிய பிறகு மாப்பிள்ளை ஒரு புதுப் புடவையைப் பெண்ணின் தலையில் போர்த்துகிறார். அதன் பெயர் மந்திரகோடி. மின்னைக் கோக்கும் கயிறே அந்தப் புடவையிலிருந்து உருவிய ஏழு இழைகளைத் திரித்துச் செய்வது. சர்ச்சுக்கு வந்த உடையை மாற்றி, பெண் அந்த மந்திரகோடியைக் கட்டிக்கொண்டுதான் விருந்துக்கு வருகிறாள். ரிசப்ஷன் உடைக்கு இவ்வளவு அழகான காரணம் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வங்காளத்தில் கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை வீட்டில் நடக்கும் பௌபாத் விருந்து நாளில், கணவன் ஒரு தட்டில் சோறும் புடவையும் வைத்து மனைவியிடம் கொடுக்கிறான். உன் சோற்றுக்கும் துணிக்கும் இனி நான் பொறுப்பு என்று அர்த்தம். இங்கே மராட்டிய வீடுகளில் தாய்மாமன் தரும் மஞ்சள் புடவை ஒன்று, அதற்கப்புறம் ஜரிகை போட்ட ஷாலு ஒன்று.

இத்தனையிலும் ஒரு பொது விஷயம் இருக்கிறது. இந்தத் துணிகள் எல்லாமே பெண்ணுக்குக் கொடுக்கப்படுபவை. மாமியார் வீடு, மாமன், கணவன், நாத்தனார் என்று யாரோ ஒருவர் கொடுக்கிறார். பெண் வாங்கிக்கொள்கிறாள். அவளுக்கு எது பிடிக்கும் என்ற கேள்வி அதில் கிடையாது.

இருக்கவும் முடியாது. நம் கொள்ளுப்பாட்டிகள் கல்யாணத்தின்போது எட்டு வயசு, பத்து வயசுக் குழந்தைகள். எட்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒன்பது கஜத்தை அந்தச் சின்ன இடுப்பில் சுற்றி, ஹோமப் புகைக்கு முன்னால் மணையில் உட்கார்த்தி வைத்தார்கள். சாரதா சட்டம் என்று சொல்லப்படும் குழந்தை மணத் தடைச் சட்டம் 1929-ல் வந்து, 1930 ஏப்ரலில் அமலானது. அப்போதுகூடப் பெண்ணுக்கு 14 வயசு என்றுதான் வைத்தார்கள். 1949-ல் அது 15 ஆகி, 1978-ல்தான் 18 ஆனது. 'எனக்கு இந்தப் புடவை வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த வயதில் மணப்பெண் இருப்பதே நம் வரலாற்றில் புதுசு. சொந்தச் சம்பளத்தில் தன் ரிசப்ஷன் உடையைத் தானே வாங்குவது அதைவிடப் புதுசு. லெஹங்கா சண்டையில் நாம் பார்க்க மறப்பது இதைத்தான்.

நிற்க. கூறைப்புடவை என்றால் என்ன துணி? பலர் பட்டு என்று நினைக்கிறார்கள். 'கூறை' என்பது ஆடைக்குப் பொதுப் பெயர். ஆண்டாள் பாசுரத்தில் கண்ணன் மரத்தில் ஏறி ஒளித்து வைக்கிற துணியும் கூறைதான். மாயவரத்தில் கூறைநாடு என்ற பகுதி (வெள்ளைக்காரன் வாயில் கொர்நாடு) நெசவுக்குப் பேர் போனது. அங்கே நெய்த கல்யாணப் புடவை பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட புடவை. பருத்தி கலந்ததால் வியர்வையை இழுக்கும், உடம்பில் நிற்கும், வழுக்காது. நம்முடைய மிகப் பிரபலமான 'பாரம்பரிய' கல்யாணப் புடவைகளில் ஒன்று பாதி பருத்தி என்பதைப் பட்டுக்கடையில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மணையிலிருந்து மேடைக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் துணியில் இல்லை, பெண் இருக்கும் நிலையில் இருக்கிறது. முகூர்த்தத்தில் அவள் தரையில் மணையில் உட்காருகிறாள். மடிசார் மாதிரிக் கால்களுக்கு நடுவே கச்சமாக வாங்கிக் கட்டும் கட்டு அதற்குப் பொருத்தம். சம்மணம் போடலாம், எழுந்திருக்கலாம், அக்கினியைச் சுற்றி நடக்கலாம், எதுவும் அவிழாது. இங்கே மராட்டியப் பெண்கள் வயலில் வேலை செய்ததும் ஒன்பது கஜத்தில்தான். ரிசப்ஷனிலோ அவள் நிற்கிறாள். மூன்று மணி நேரம் நிற்கிறாள். வலது கையால் பரிசு வாங்குகிறாள், குனிந்து பெரியவர்கள் காலைத் தொடுகிறாள், சிரிக்கிறாள், மறுபடி நிற்கிறாள்.

நிற்பதற்கும் வெளியே போய்வருவதற்கும் ஏற்ற கட்டு ஒன்று உருவான கதை சுவையானது. சேலை கட்டும் விதங்களை ருதா கபூர் சிஷ்டி ஒரு புத்தகத்தில் தொகுத்தபோது 108 வகை வந்தது. அதில் ஒன்று மட்டும் எப்படி நாடு முழுவதற்கும் பொதுவானது? ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்யேந்திரநாத், ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியர். 1860களில் பம்பாய் மாகாணத்தில் வேலை. கூட வந்த அவர் மனைவி ஞானதானந்தினி தேவி (வேலைக்காக மொழி தெரியாத ஊருக்கு வந்த நம்மைப் போன்ற குடும்பம்தான்!) பார்சிப் பெண்கள் புடவை கட்டும் அழகைப் பார்த்தார். உள்பாவாடை, ரவிக்கையோடு அதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார். பார்சிகள் வலது தோளில் போட்ட முந்தானையை இடது தோளுக்கு மாற்றினார். வலது கை வேலைக்கும் மரியாதைக்கும் விடுதலையாக இருக்கட்டும் என்பதே காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். வங்காளத்தில் பிரம்ம சமாஜப் பெண்கள் வழியாக அந்தக் கட்டு பரவியது. ரிசப்ஷனில் நம் பெண் வலது கையை நீட்டிப் பரிசு வாங்கும்போது முந்தானை நழுவாமல் இருப்பதில் அந்த அம்மாளுக்கும் ஒரு பங்கு உண்டு.

படங்களும் சேலையைப் பரப்பின. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தை 1899-ல் லோனாவாலாவுக்குப் பக்கத்திலுள்ள மளவலிக்கு மாற்றினார். புனேயிலிருந்து லோனாவாலா லோக்கலில் போனால் வரும் ஸ்டேஷன்தான். அங்கிருந்து போன லட்சுமியும் சரஸ்வதியும் நம் வீட்டுப் பூஜை அறைகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தார்கள், சேலையிலேயே.

அப்படியானால் ரிசப்ஷன் எப்போது வந்தது? நாலைந்து நாள் கல்யாணத்தில் தனியாக ஒரு ரிசப்ஷனுக்குத் தேவை இருக்கவில்லை. நலங்கு, ஊஞ்சல், ஊர்வலம் என்று சாயங்காலங்கள் நிறைந்திருந்தன. நகரத்துக்கு வந்தோம், லீவு சுருங்கியது, கல்யாணம் ஒன்றரை நாளாகச் சுருங்கியது. ஆபீஸ் நண்பர்கள் காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு வர முடியாது. அவர்களுக்காக ஒரு சாயங்காலம். சென்னையில் அதை முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலையே வைத்துவிடுகிறோம். ஜானவாச ஊர்வலம் இருந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது என்பது என் கணிப்பு. இங்கே என் ஆபீஸில் ஒரு மராட்டி சிநேகிதி இதைக் கேட்டுத் திகைத்துப் போனாள். "கல்யாணமே ஆகலை, அதுக்குள்ள ரிசப்ஷனா?" என்னிடம் பதில் இல்லை :-)

ஆனால் இதில் சௌகரியப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. முதல் நாள் ரிசப்ஷன் என்றால் ராத்திரி பதினொன்றரைக்கு மேடையை விட்டு இறங்கும் பெண், விடியற்காலை மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும். கழற்றவே ஒரு மணி நேரம் ஆகும் உடை அவள் தூக்கத்தைத்தான் தின்னும்.

எடைக்கு வருகிறேன். காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது 2005-06-ல். அதற்கான விவரத்தில் ஜரிகையில் வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம், பட்டு 24 சதவீதம் என்று கொடுத்திருக்கிறார்கள். அதாவது ஜரிகை என்பது பட்டு இழைமேல் சுற்றிய உலோகக் கம்பி. அகலக் கரையும் முழு ஜரிகை முந்தானையும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இடுப்பு மடிப்பில் அது வந்து உட்காரும் இடத்தில் உலோகம் உரசும். தோளில் முந்தானையின் முழு எடையும் ஒரு ஊக்கில் தொங்கும்.

எடை கூடிய அதே காலத்தில் வீடியோவும் வந்தது. என் அக்காவுக்கு 1993-ல் கல்யாணம். ரிசப்ஷனில் அரக்கு நிறத்தில் கனத்த ஜரிகைப் பட்டு. முகத்துக்கு நேரே இரண்டு பெரிய ஹாலஜன் விளக்கு. ஏப்ரல் மாதம். மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டரை மணி நேரம் நின்றவள், வரிசையில் வந்த யாரோ கைகொடுக்கும்போது அப்படியே சரிந்தாள். சோடா வாங்கக் குடுகுடுவென்று ஓடியது நான்தான். கேசட்டில் அந்த இடம் மட்டும் வெட்டப்பட்டு, பூச்செண்டு ஒன்று சுற்றிச் சுற்றி வரும்.

போன வருஷம் தன் பெண்ணுக்கு அதைவிடக் கனமான பட்டு வேண்டும் என்று நின்றதும் அதே அக்காதான். "நான் தாங்கிக்கலையா?" என்றாள்.

அவள் தாங்கவில்லை. அதுதான் விஷயம். ஆனால் அதை அவளிடம் யார் சொல்வது?

கடைசியில் சொன்னது எங்கள் அம்மா. அம்மாவுக்கு 1966-ல் மாயவரத்தில் கல்யாணம். பெண்ணுக்குப் பட்டுதான் கட்டணும் என்று அது வரைக்கும் அக்கா கட்சியில் இருந்தவர். அன்றைக்கு நான் சும்மா கேட்டேன், "நலங்குக்கு நீ என்னம்மா கட்டிண்டிருந்தே?" என்று. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "சுங்குடி" என்றார். "மதுரைச் சுங்குடி. கத்தரிப்பூக் கலர். முகூர்த்தப் பட்டு இடுப்பெல்லாம் கீறி எரிஞ்சுது. பெரியம்மா பார்த்துட்டு, 'விடுடி குழந்தையை'ன்னு பெட்டிலேர்ந்து அதை எடுத்துக் குடுத்தா. அன்னிக்கு அதை யாரும் குறைச்சலா நினைக்கலை."

பருத்தி. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற பருத்தி. கல்யாணச் சாயங்காலத்தில். அக்கா எதுவும் பேசவில்லை. போனை அம்மா என்னிடம் கொடுத்தபோது அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

எளிய துணியில் கல்யாணம் என்பது வறுமையின் அடையாளமாகவும் இருந்ததில்லை. 1942 மார்ச் 26-ல் அலகாபாத்தில் இந்திரா நேருவின் கல்யாணம். அவர் கட்டியிருந்தது அப்பா சிறையில் நூற்ற நூலில் நெய்த இளஞ்சிவப்புக் கதர்ப் புடவை. அந்த வீட்டுக்குப் பனாரஸ் பட்டு வாங்க வசதி இல்லாமல் இல்லை.

லெஹங்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களின் இந்திப் படங்களோடு நம் பக்கம் வேகமாக வந்தது உண்மை. ஆனால் அந்நியம் என்று பாட்டிகள் பயப்பட வேண்டாம். பாவாடை, ரவிக்கை, மேலே ஒரு தாவணி. நாம் பதினைந்து வயசில் உடுத்தியதை வடக்கே பெரிதாகத் தைத்து வேலைப்பாடு செய்தால் அதுதான் லெஹங்கா. பிரச்சினை அது நம்முடையதா இல்லையா என்பதில் இல்லை, அதன் எடை முழுவதும் இடுப்பு நாடாவில் தொங்குவதில் இருக்கிறது. மணியும் கண்ணாடியும் தைத்த ரவிக்கை அக்குளையும் முழங்கையின் உள்பக்கத்தையும் சுரண்டும். கனத்த பட்டுக்குத் தப்பி, கனத்த லெஹங்காவில் மாட்டிக்கொண்ட பெண்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, எதைத்தான் வாங்குவது? நான் கற்றுக்கொண்டவரை சில குறிப்புகள்:

கடையில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் போதாது. உடுத்திக்கொண்டு இருபது தடவை குனிந்து நிமிர வேண்டும், ஒரு தடவை உட்கார வேண்டும், வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டும். சேல்ஸ்மேன் சிரிப்பார், சிரிக்கட்டும்.

ஜரிகை வேண்டுமென்றால் முந்தானையில் இருக்கட்டும், இடுப்பில் மடியும் பகுதியில் உடல் வெறுமையாக இருக்கட்டும். கடைகளில் 'சாஃப்ட் சில்க்' என்று கிடைப்பது, 1912-லிருந்து நெய்துவரும் மைசூர் அரசு ஆலையின் கிரேப் பட்டு, பட்டும் பருத்தியும் கலந்த சந்தேரி, மகேஷ்வரி எல்லாம் மேடை விளக்கில் நன்றாகவே தெரியும்.

ரவிக்கைக்கு உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் அவசியம். மடிப்பை முன்கூட்டியே எடுத்து இஸ்திரி போட்டுத் தருகிறவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பாதி ஊக்கு மிச்சம். முதல் நாள் ரிசப்ஷன் என்றால் பத்து நிமிஷத்தில் கழற்ற முடிகிற உடையா என்று பாருங்கள். முக்கியமாக, அதை உடுத்திக்கொண்டு அவளால் சாப்பிட முடிய வேண்டும். தன் கல்யாண விருந்தைத் தானே சாப்பிடாத பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

அக்கா பெண் முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த கூறையைக் கட்டினாள். சாயங்காலத்துக்கு மெல்லிய கரை போட்ட மைசூர் கிரேப், மயில்கழுத்து நிறம், அவளே வாங்கியது. அக்கா அதற்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தாள், லைனிங் பருத்தியில் வேண்டும் என்று தையல்காரரிடம் இரண்டு தடவை சொல்லி.

கூறை என்பது பெண்ணுக்குக் கொடுக்கப்படுவது. அதில் இரண்டு குடும்பத்தின் அன்பும் உரிமையும் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். அதற்கடுத்த உடை ஒன்றுதான் அவள் தேர்ந்தெடுப்பது. அதைத் தேர்ந்தெடுக்கும் வயசுக்கு நம் பெண்கள் வந்து சேரவே எத்தனையோ நூற்றாண்டு ஆகியிருக்கிறது. நாம் அந்த ஒரு புடவையை அவளிடம் விட்டுவிட்டு, மேடையில் ஒரு மின்விசிறி சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.